எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன் எந்தக் கம்பி என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில் செராஸ் வாசகி ஒருவர், புது வீட்டுக்குக் குடிபோகப் போவதாகவும், எந்தக் கம்பெனியின் இணையம் போடலாம் என்று ஐந்து பேரிடம் கேட்டதில் ஐந்து விதமாகப் பதில் வந்ததாகவும் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. "சுருக்கமா எழுதுங்கப்பா, பேப்பர்ல இடம் இருக்காது" என்கிறாள் என் மகள். முயல்கிறேன்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று சொல்லிவிடுகிறேன். 1979-இல் அரசாங்கத் தொலைபேசி இலாகாவான ஜபாத்தான் டெலிகோமில் வேலைக்குச் சேர்ந்தேன். கேபிள் ஜாயின்டர். 1987-இல் இலாகா கம்பெனியானது, 1990-இல் பங்குச் சந்தைக்குப் போனது; நான் மட்டும் அதே பள்ளத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். மேன்ஹோல் மூடியைத் தூக்கி, மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகளைச் சோடி சோடியாக முறுக்கி இணைக்கும் வேலை. அவற்றை மூடியிருக்கும் ஈயக்குழாயில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் மழை பெய்த மறுநாள் ஒரு தெருவே ஊமையாகிவிடும். பிறகு பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி வந்தது. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 2014-இல் ஓய்வு பெற்றேன்.

இப்போது பினாங்கு கெளுகோரில் ஒரு பிளாட்டில் ஒன்பதாவது மாடியில் மகளோடு இருக்கிறேன். அவள் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மாலையில் இணையம் வழி கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறாள். சுங்கைப்பட்டாணி, கூலிம் பிள்ளைகள்கூட இருக்கிறார்கள். இணையம் நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு நின்ற மாதிரி.

போன வருடம் எங்கள் பிளாட்டின் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு கம்பெனி குடை போட்டிருந்தது. பெயர் வேண்டாம். 500 எம்பிபிஎஸ் வேகம், முதல் மூன்று மாதம் இலவசம், ரவுட்டர் இலவசம் என்று ஆளுயரப் பதாகை. நான் அப்பம் பாலிக் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் மகள் அந்தப் பையனின் டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டாள். இருபத்து நான்கு மாத ஒப்பந்தம். முப்பத்தைந்து வருடம் கம்பியோடு வாழ்ந்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கும் அந்தப் பதாகை பிடித்துத்தான் இருந்தது.

சொன்ன தேதியில் இரண்டு பையன்கள் வந்தார்கள். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. நான் அந்த நேரம் பார்த்து இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தால் இணையம் பறக்கிறது. கம்பி எப்படி வந்திருக்கிறது என்று நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் தப்புத்தான்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி வகுப்பில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் 'லாஸ்' என்று எழுதியிருக்கும். வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். இப்போதைய கம்பி செம்பு இல்லை, கண்ணாடி நார்; அதற்குள் வெளிச்சமாகத்தான் இணையம் வருகிறது. அன்றிலிருந்து பதினொரு நாள். மகள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வகுப்பு நடத்தினாள். இரண்டு தடவை டேட்டா தீர்ந்து பிள்ளைகள் அந்தரத்தில் நின்றார்கள். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் "24 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வோம்" என்று ஒரு குரல். இரண்டு முறை "டெக்னீஷியன் வந்தார், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று செயலியில் பதிவாகியிருந்தது. அந்த இரண்டு நாளும் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உங்கள் பத்திரிகையைத்தான் வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். மரண அறிவித்தல் உட்பட.

பதினோராம் நாள் ஒரு தமிழ்ப் பையன் மோட்டாரில் வந்தான். கையில் இரண்டு கருவிகள். ஒன்று, பேனா மாதிரி சின்ன லேசர் விளக்கு. எங்கள் பெட்டியிலிருந்து கம்பியைக் கழற்றி, அதன் நுனியில் அந்த விளக்கைச் செருகினான். ஹால் சுவரோரமாகக் கம்பியைப் பார்த்துக்கொண்டே போனோம். வாசல் இரும்புக் கிரில்லின் கீல் பக்கம் வந்ததும், வெள்ளை உறைக்குள்ளிருந்து சிவப்பாக வெளிச்சம் கசிந்தது, தோலுக்கடியில் இரத்தம் கட்டின மாதிரி. போட்டவர்கள் கம்பியைக் கீலை ஒட்டி மடக்கி ஆணி அடித்திருக்கிறார்கள். தினமும் காலையில் கிரில்லைத் திறக்கும்போது கீல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்திருக்கிறது. செம்பு என்றால் நசுங்கினாலும் பேச்சு கரகரவென்றாவது கேட்கும். கண்ணாடி நார் அந்த மடக்கைப் பொறுக்காது.

இன்னொரு கருவி, வெளிச்சத்தின் அளவு காட்டும் மீட்டர். அதில் மைனஸ் 29 என்று காட்டியது. மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. "மைனஸ் 27-க்குக் கீழே போனாலே பெட்டிக்குக் கண் மங்கிடுமே தம்பி" என்றேன். திரும்பிப் பார்த்தான். "அங்கிள் முன்ன டெலிகோமா?" கடிபட்ட இடத்தை வெட்டி எறிந்தான். நாரை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, நுனியைச் சின்னக் கத்தியில் வைத்து நறுக்கி, புதுத் தலை மாட்டினான். மறுபடி அளந்தபோது மைனஸ் 19. பத்து அலகு வித்தியாசம் என்றால் வெளிச்சம் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று கணக்கு. பச்சை விளக்கு. இருபது நிமிட வேலைக்குப் பதினொரு நாள் காத்திருந்தோம்.

தே தாரிக் குடித்துக்கொண்டே அவன் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அவன் அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. கம்பெனி ஒரு குத்தகைக்காரருக்குக் கொடுக்கிறது, அவர் இன்னொருவருக்கு விடுகிறார், அவரிடம் இவன் வேலை செய்கிறான். புது இணைப்புப் போட்டால் வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. பழுது பார்க்கப் போனால் அதில் பாதிகூட இல்லை, பெட்ரோல் அவன் கைக்காசு. பழுது வேலைக்கு யார் ஓடி வருவார்கள்? எங்கள் காலத்தில் நானே போட்டதை நானே போய்ப் பார்க்க வேண்டும். அதனால் ஆணியைக் கீலில் அடிக்க மாட்டோம். நேர்மைக்காக என்று சொல்லமாட்டேன். மறுபடி ஒன்பது மாடி ஏற யாருக்கு மனம் வரும்?

ஆகவே செராஸ் வாசகிக்கு நான் முதலில் சொல்வது, "வேகம் எப்படி?" என்று யாரையும் கேட்காதீர்கள். நன்றாக ஓடும்போது எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். "கெட்டுப்போனபோது எத்தனை நாளில் வந்தார்கள்?" என்று கேளுங்கள். அதையும் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் உங்கள் மச்சானிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் மாடியில், உங்கள் வரிசையில் இருப்பவரிடம் கேளுங்கள். ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு வரும் குத்தகைக்காரர் யார் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஒரே கம்பெனி ஜெலுத்தோங்கில் தங்கமாக இருக்கும், பாயான் பாருவில் தகரமாக இருக்கும்.

இரண்டாவதுதான் நான் தலைப்பில் போட்டது. நான்காவது மாடி மாக்சிக் (மலாய் அம்மா) ஒருவர் ஒரு கம்பெனியிடம் சலித்துப்போய், அபராதமும் கட்டிவிட்டு வேறு கம்பெனிக்கு மாறினார். இரண்டு மாதம் கழித்து அவர் மாடியில் வீடுகளுக்குக் கம்பியைப் பிரித்துவிடும் விநியோகப் பெட்டி பழுதானபோது, பழைய கம்பெனியிலேயே இருந்த பக்கத்து வீட்டிலும் இணையம் இல்லை, இவர் வீட்டிலும் இல்லை. "நான் மாறிவிட்டேனே!" என்று என்னிடம் வந்து கேட்டார், பாவம். பில்லில் பெயர்தான் மாறியது, கம்பி மாறவில்லை.

இது பலருக்கும் தெரிவதில்லை. நாட்டில் பல வீடமைப்புப் பகுதிகளில் கண்ணாடி நார் போட்டது நான் வேலை பார்த்த டெலிகோம் மலேசியா. யூனிஃபை அதன் சொந்தக் கடை. மெக்சிஸ், செல்கோம்டிஜி போன்றவை பல இடங்களில் அதே நாரை மொத்த விலைக்கு வாடகை எடுத்துத் தங்கள் பெயரில் விற்கின்றன. டைம் என்ற கம்பெனி பெரும்பாலும் அடுக்குமாடிகளில் தன் சொந்த நாரை இழுத்திருக்கிறது. மின்சாரக் கம்பெனி தெனாகா நேஷனலின் அல்லோ சில வட்டாரங்களில் தனியாகப் போட்டிருக்கிறது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஒரே குழாய்த் தண்ணீரை நாலு பேர் விற்கிறார்கள், அவ்வளவுதான். விலை, வாடிக்கையாளர் சேவை, கெட்டால் அழைத்துப் பேசும் ஆள் எல்லாம் மாறலாம். ஆனால் குழாய் உடைந்தால் நாலு பேர் வீட்டிலும் தண்ணீர் நிற்கும். ஆகவே கம்பெனி மாறுவதற்கு முன், புதியவர் எந்த நாரில் வருகிறார் என்று கேளுங்கள். சேவை சரியில்லை என்று மாறுவது நியாயம். கம்பி சரியில்லை என்றால் வேறு கம்பிக்குத்தான் மாற வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது? அடுக்குமாடி என்றால் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கம்பிகள் ஏறும் சின்ன அறை இருக்கும். பாதுகாவலரிடம் சாவி வாங்கி ஒருமுறை திறந்து பாருங்கள். சுவரில் எத்தனை பெட்டி, எந்தெந்தப் பெயர் என்று தெரியும். ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறதென்றால் உங்கள் ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது. சில புதுக் கட்டடங்களில் நிலைமை அதுதான். அப்படியென்றால் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மேம்பாட்டாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. சமையலறை டைல்ஸ் நிறத்தைப் பற்றி மணிக்கணக்காகக் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை. இன்னும் சில பழைய அடுக்குமாடிகளில் நார் கீழ்த்தளத்தோடு நின்று, மேலே பழைய செம்பில் வரும். அதில் எந்தப் பதாகை வேகமும் வராது. "வீட்டுக்குள்ளே வருவது நாரா, செம்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கள் மாடி அறையைத் திறந்தபோது நான் கண்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள். விநியோகப் பெட்டிக்கு மூடி இல்லை. மூடி கீழே கிடக்கிறது, அதன் மேல் துப்புரவுத் தொழிலாளியின் வாளி. ஈரத் துடைப்பம் நார்களின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எலிப் புழுக்கை வேறு. முப்பது குடும்பத்தின் இணையம் ஒரு துடைப்பத்தை நம்பி இருந்தது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "அது கம்பெனி வேலை" என்றார்கள். கம்பெனியைக் கேட்டால் "அது கட்டட நிர்வாகம்" என்பார்கள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. இரண்டு ஸ்க்ரூ வாங்கி நானே மூடியை மாட்டினேன். உள்ளே பார்த்தால் நார்கள் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். செம்பு போனாலும் அந்த ஐந்து நிறமும் அப்படியே வரிசையாக இருக்கின்றன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து பேர் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் போதும். மிகத் தெளிவான 4கே படத்துக்கே 25 இருந்தால் தாராளம். என் மகள் போல வீட்டிலிருந்து பாடம் நடத்துபவர், வேலை செய்பவர் பார்க்க வேண்டியது பதிவேற்ற வேகம், அதாவது நம் படமும் குரலும் வெளியே போகும் வேகம். பதாகையில் பெரிய எழுத்தில் இருப்பது பதிவிறக்கம் மட்டும். பல திட்டங்களில் பதிவேற்றம் அதில் பாதி, அதற்கும் குறைவு. விற்பனைப் பையனிடம் கேட்டால் அவனே அப்போதுதான் தேடிப் பார்ப்பான்.

விலையில் நாம் முன்பைவிட எவ்வளவோ பரவாயில்லை. 2010 மார்ச்சில் யூனிஃபை தொடங்கியபோது 5 எம்பிபிஎஸ்ஸுக்கு மாதம் 149 வெள்ளி (ரிங்கிட்). அப்போது நான் வேலையில் இருந்தேன், எனக்கே கட்டுப்படியாகவில்லை. 2018-இல் நாரை ஒருவருக்கொருவர் வாடகைக்கு விடும் மொத்த விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு கொண்டுவந்த பிறகுதான் சில்லறை விலை சரசரவென்று இறங்கியது. இப்போது 100 எம்பிபிஎஸ் ஏறக்குறைய 100 வெள்ளிக்குக் கிடைக்கிறது. 6 விழுக்காடு சேவை வரி அதற்கு மேல் தனி. மூன்று மாதம் இலவசம் என்பதில் மயங்க வேண்டாம். இடையில் நிறுத்தினால் என்ன கட்ட வேண்டும், வீடு மாறினால் புது வீட்டில் அவர்கள் கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகும், இந்த இரண்டையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆறு மாதத்தில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் மிச்சம் பதினெட்டு மாதம் உங்கள் தலையில். வாடகை வீட்டுக்காரர்கள், கம்பி இல்லாமல் கைப்பேசிக் கோபுரத்திலிருந்து இணையம் எடுக்கும், ஒப்பந்தம் இல்லாத 5ஜி பெட்டியை யோசிக்கலாம். துளை போட வேண்டாம், தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அது கோபுரத்தை நம்பிய பிழைப்பு. பகலில் பறக்கும், இரவு எட்டு மணிக்கு எல்லோரும் நாடகம் பார்க்கும்போது தவழும். வாங்குவதற்கு முன் அதே கம்பெனி சிம்மை நண்பரிடம் வாங்கி, இரவு எட்டு மணிக்கு உங்கள் ஹாலில் வைத்துப் பாருங்கள்.

கம்பெனியைத் திட்டுவதற்கு முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் 300 எம்பிபிஎஸ்ஸுக்குக் காசு கட்டுகிறேன், படுக்கையறையில் 20கூட வரவில்லை என்று கத்தினார். போய்ப் பார்த்தால் ரவுட்டர் மீன்தொட்டிக்குப் பின்னால், மர அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வைஃபை அலைக்குத் தண்ணீர் எமன். வெளியே எடுத்து உயரத்தில் வைத்தோம், சரியானது. அவர் மகனின் கணினிக்குப் போன லேன் கம்பியிலும் 100-க்கு மேல் ஏறவே இல்லை. உள்ளே எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்திருந்தது. அப்படி இருந்தால் நாலு கம்பியில் ஓடி 100-லேயே நின்றுவிடும். பன்னிரண்டு வெள்ளிக் கம்பி மாற்றியதும் 300 வந்தது. அவர் கம்பெனி மாற விண்ணப்பமே நிரப்பி வைத்திருந்தார்.

சில சமயம் குற்றம் யார் மேலும் இல்லை. 2006 டிசம்பரில் தைவான் அருகே நிலநடுக்கத்தில் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது நாடு முழுவதும் இணையம் நொண்டியது. எந்தக் கம்பெனி வைத்திருந்தாலும் ஒன்றுதான். இதைச் சொல்லும்போது ஒரு பெருமையும் சொல்லிக்கொள்கிறேன்: 1870-இலேயே சென்னையிலிருந்து நம் பினாங்குக்குத்தான் கடலடித் தந்திக் கேபிள் இழுத்தார்கள். இலாகாவில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டது. மகள் இந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்கிறாள். ஆசிரியர் முடிவு செய்யட்டும்.

புகார் விஷயம். எங்களுக்கு நடந்ததில் மகள் ஒன்றைச் சரியாகச் செய்தாள். முதல் நாளிலிருந்தே புகார் எண், தேதி, பேசிய நேரம், சிவப்பு விளக்கின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாள். கம்பெனியிடம் முதலில் புகார் செய்து எண் வாங்காமல் மேலே போனால் எடுபடாது. ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் இணைத்து மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் இணையதளத்தில் புகார் போட்டாள். பதினோராம் நாள் ஆள் வந்தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இல்லாத நாட்களுக்குப் பில்லில் கழிவும் கேட்டு வாங்கினாள். கேட்காமல் தானாக வரவில்லை. அந்தப் பையன் மேல் மட்டும் புகார் எழுத வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். வந்த ஒரே ஆள் அவன்தான்.

வாசகிக்கு இன்னும் ஒன்று. இணைப்புப் போட வரும் அன்று வீட்டில் இருங்கள். கிளினிக், கோயில், கல்யாணம் எல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கம்பி எந்த வழியாக வருகிறது என்று கூடவே நின்று பாருங்கள். கதவிடுக்கு, கீல், சன்னல் விளிம்பு மூன்றும் ஆகாது. திரும்பும் இடத்தில் நல்ல வளைவாகத் திரும்பட்டும். முடித்ததும் "மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது தம்பி?" என்று கேட்டு, எண்ணைப் பெட்டிக்கு அடியில் பென்சிலால் எழுதி வையுங்கள். நாளைக்குக் கெட்டால் ஒப்பிட அது உதவும். கேட்கிற வீட்டுக்காரர் என்று தெரிந்தால் ஆணியும் நேராக இறங்கும்.

மணி ஏழரை ஆகிறது. மகளுக்கு வகுப்பு தொடங்கப் போகிறது, வெளிச் சத்தம் கேட்கிறது, கிரில்லைச் சாத்துங்கள் என்கிறாள். சாத்திவிட்டு வருகிறேன். கம்பி இப்போது கீல் பக்கம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயின்டர்,
கெளுகோர், பினாங்கு